பரிசா, விஷமா? ‘கிஃப்ட்’ என்ற சொல்லின் கதை

ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ என்றால் பரிசு. ஜெர்மன் மொழியில் அதே நான்கு எழுத்து, ஏறக்குறைய அதே உச்சரிப்பு, ஆனால் பொருள் விஷம். ஜெர்மன் படிக்கச் சேரும் எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

நான் அந்த இடத்திலேயே கொஞ்சம் நின்றுவிட்டேன். இது எழுத்து தற்செயலாக ஒத்துப்போன இரண்டு சொற்கள் இல்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த ஒரே சொல். ‘கொடு’ என்ற வினையிலிருந்து வந்த ‘கொடுக்கப்பட்டது’ என்ற பெயர். ஆங்கிலத்தில் அது பிறந்தநாள் பொட்டலத்துக்குப் போனது. ஜெர்மனில் மண்டையோட்டுப் படம் ஒட்டிய டப்பாவுக்குப் போனது. எப்படி? அதைத் தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கல்யாணம்

பரிசு, விஷம் இரண்டுக்கும் முன்னால் இந்தச் சொல் கல்யாண வீட்டில்தான் அதிகம் புழங்கியிருக்கிறது.

ஆங்கிலேயர்களின் பழைய மொழியில், அதாவது நார்மன் படையெடுப்புக்கு (1066) முந்தைய பழைய ஆங்கிலத்தில், இந்தச் சொல்லுக்குப் பெண்ணுக்காகக் கொடுக்கும் விலை என்று பொருள். நம்ம ஊரில் பரிசம் போடுவது என்போமே, கிட்டத்தட்ட அது. இதையே பன்மையில் சொன்னால் திருமணம். அப்போது உச்சரிப்பும் வேறு. பழைய ஆங்கிலத்தில் ‘இ’ ஓசைக்கு முன்னால் வரும் ககரம் யகரமாக ஒலித்தது; ஆகவே ‘யிஃப்ட்’. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் கூட யகர ஒலியோடுதான் எழுதுகிறார். இன்றைய ஆங்கிலத்தின் அழுத்தமான ‘கி’ ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழித் தாக்கம். கொள்ளையடிக்க வந்தவர்கள் ‘கொடு’ என்ற சொல்லின் உச்சரிப்பை விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்பது வரலாற்றின் குறும்பு.

ஜெர்மனில் கல்யாணப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘மிட்கிஃப்ட்’ என்றால் சீதனம். ‘மிட்’ என்றால் கூட. பெண்ணோடு கூடக் கொடுத்தனுப்புவது. இன்று ஒரு ஜெர்மானியர் இந்தச் சொல்லைக் கேட்டால் உள்ளே ‘விஷம்’ ஒளிந்திருப்பது காதில் விழத்தான் செய்யும். அது அந்தச் சொல்லின் குற்றமில்லை. அது தன் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, மாறிப்போனது அதன் உடன்பிறப்புதான். (இங்கே சீதனம் விஷமான கதைகள் நமக்கே நிறையத் தெரியும் என்பதால் இதை நீட்டவில்லை.)

இன்னும் பின்னால் போகலாம். ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய நீண்ட உரைநடை, 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பிஷப் கோத்திக் மொழியில் செய்த பைபிள் மொழிபெயர்ப்பு. அதில் மரியாள் யோசேப்புக்கு நிச்சயிக்கப்பட்டிருந்ததைச் சொல்லும் இடத்தில் வருவது இந்தச் சொல்லின் முன்னொட்டுச் சேர்ந்த வடிவம்தான்.

ஸ்காண்டிநேவியர்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டார்கள். ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூன்றிலும் ‘கிஃப்ட்’ என்றால் விஷம். அதுவே ‘திருமணமானவர்’ என்றும் பொருள். ஸ்ட்ரிண்ட்பெர்க் 1884இல் வெளியிட்ட, மதநிந்தனை வழக்கு வரை போன சிறுகதைத் தொகுப்பின் தலைப்பான ‘கிஃப்டாஸ்’ இதே வேர்தான். ‘கல்யாணம் செய்துகொள்ளுதல்’ என்று பொருள். அந்த ஊர்க்காரர்கள் இதை வைத்து எத்தனை தலைமுறையாக ஜோக்கடிக்கிறார்கள் என்று யூகித்துக்கொள்ளுங்கள்.

டச்சுக்காரர்கள் மட்டும் புத்திசாலித்தனமாகப் பிரித்துவிட்டார்கள். கடைசி மெய்யோடு சொன்னால் நன்கொடை. அந்த மெய்யை விட்டுவிட்டு ‘கிஃப்’ என்றால் விஷம். ஒரு எழுத்தில் உயிர் போகிற விஷயம்!

விஷம் எப்படி உள்ளே வந்தது?

ஜெர்மானிய மக்களுக்கு விஷத்துக்குச் சொந்தமாக வேறு சொல் இல்லாமல் இல்லை. பழைய ஜெர்மனில் ‘ஐட்டர்’, பழைய ஆங்கிலத்தில் ‘ஆட்டர்’. இரண்டும் ஒன்றே. பழைய ஆங்கிலத்தில் சிலந்திக்கு ‘விஷத்தலை’ என்ற பொருளில் ‘ஆட்டர்கோப்’ என்று பெயர். நார்வேயில் இன்றைக்கும் சிலந்தி ‘எடர்கோப்’தான். ஆங்கிலத்தில் ஒட்டடைக்குச் சொல்லும் ‘காப்வெப்’பின் முன்பாதி அந்தச் சிலந்திப் பெயரின் மிச்சம். ஜெர்மனில் ‘ஐட்டர்’ பிழைத்துக் கிடக்கிறது, ஆனால் பதவி இறங்கி, புண்ணில் வடியும் சீழாக.

ஆக, நேரடியான ஒரு சொல் இருந்தது. அதைத் தள்ளிவிட்டு ‘கொடுக்கப்பட்டது’ என்ற சாதுவான சொல் அந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. இதற்கு அகராதிகள் சொல்லும் விளக்கம் மருத்துவம் வழியாக வருகிறது.

கிரேக்கத்தில் ‘டோசிஸ்’ என்றால் கொடுத்தல். மருத்துவர்கள் அதை ஒரு வேளைக்கு நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு என்ற பொருளில் பயன்படுத்தினார்கள். 2ஆம் நூற்றாண்டில் ரோமில் புகழ்பெற்றிருந்த கேலன் எழுத்துகளில் அந்தப் பொருள் இருக்கிறது. அது லத்தீனுக்கு அப்படியே போனது. நாம் இன்று ‘ரெண்டு டோஸ் போட்டாச்சா?’ என்று கேட்கிறோமே, அதே டோஸ். லத்தீன் மருத்துவம் ஜெர்மானியத் துறவிமடங்களுக்குள் வந்தபோது, ‘டோசிஸ்’ஸுக்கு நேர்ச்சொல்லாக அவர்கள் கையில் இருந்தது ‘கிஃப்ட்’. கொடுத்தலுக்குக் கொடுத்தல். அப்புறம் ‘கொடுக்கப்பட்ட அளவு’ என்பது மெல்ல மெல்ல ‘கொல்வதற்குக் கொடுக்கப்பட்டது’ என்று சரிந்தது.

இந்தச் சரிவு ஜெர்மன் மொழிக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஆங்கிலத்தில் விஷத்துக்குச் சொல்லும் ‘பாய்சன்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் லத்தீன் மூலத்துக்கு வெறும் ‘பானம்’ என்றுதான் பொருள். மாயாஜாலக் கதைகளில் வரும் ‘போஷன்’ அதன் இரட்டைப் பிறவி. ‘வெனம்’ என்பதன் மூலமான லத்தீன் ‘வெனேனும்’, காதல் தெய்வம் வீனஸின் பெயரோடு தொடர்புடையது, ஆரம்பத்தில் வசிய மருந்தைக் குறித்தது என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ரோமானியச் சட்ட அறிஞர் கையஸ், ‘வெனேனும்’ என்று சொல்பவர் அது நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மருந்துகளுக்கும் அதே பெயர்தான் என்று விளக்குகிறார். கிரேக்க ‘ஃபார்மகோன்’ மருந்தையும் குறிக்கும், விஷத்தையும் குறிக்கும்.

தமிழ் மட்டும் விலக்கா என்ன? நஞ்சு, விடம் என்று சொற்கள் இருக்கும்போதே நாம் கடையில் கேட்பது எலிமருந்து, பூச்சிமருந்து. கிராமத்தில் ஒருவர் தற்கொலைக்கு முயன்ற செய்தியை ‘மருந்தைக் குடிச்சிட்டான்’ என்றுதான் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். கேட்பவர் யாரும் ‘என்ன வியாதிக்கு?’ என்று கேட்பதில்லை. சோற்றில் கலந்து வைக்கும் வசிய மருந்துக்கு ‘இடுமருந்து’ என்றே பெயர். இடுதல் என்றால் கொடுத்தலும்தான், பிச்சை இடுவது போல. ஜெர்மனுக்கும் நமக்கும் இதில் எந்த ரத்த உறவும் இல்லை. கொல்லும் பொருளுக்குக் கொடுப்பதன் பெயரையோ குணமாக்குவதன் பெயரையோ வைக்கும் பழக்கம் தனித்தனியாகப் பல இடங்களில் முளைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ‘அப்படியானால் தமிழில் கொடு என்பதிலிருந்துதான் கொடுமை வந்தது, பார்த்தீர்களா!’ என்று யாராவது கிளம்பலாம். வேண்டாம். கொடுத்தல் வேறு, வளைவு, கோணல் என்ற பொருளுள்ள ‘கொடு’ வேறு. கொடுவாளில் இருப்பது அந்த வளைவு. நேர்மை தவறி வளைந்ததால் கொடுமை, கொடியவன். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி இவை இரண்டையும் தனித்தனிப் பதிவாகத்தான் தருகிறது. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துக்கொண்டு உறவு கொண்டாடக்கூடாது. ஜெர்மன், ஆங்கில ‘கிஃப்ட்’களை உடன்பிறப்பு என்று துணிந்து சொல்ல முடிவது, நடுவில் உள்ள ஒவ்வொரு படியும் ஓலைகளிலும் ஏடுகளிலும் இருப்பது போல, அங்கே தோல்சுவடிகளில் பதிவாகியிருப்பதால்.

மோஸ் எழுப்பிய கேள்வி

‘டோசிஸ்’ விளக்கம் எல்லோருக்கும் போதவில்லை. போதாது என்றவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ். 1924இல், ஜெர்மன் அறிஞர் அல்ல, ஜெர்மன் மொழியைப் பிரான்சில் கற்பித்த பேராசிரியர் ஷார்ல் ஆந்த்லேரைக் கௌரவிக்கும் மலரில், ‘கிஃப்ட், கிஃப்ட்’ என்று தலைப்பிட்டு ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரே சொல்லை இரண்டு முறை எழுதியதுதான் தலைப்பு. அடுத்த ஆண்டு வெளிவந்து உலகப் புகழ்பெற்ற அவருடைய கொடை பற்றிய பெரிய ஆய்வுக்கு இது ஒரு முன்னோட்டம் மாதிரி.

அவர் கேட்பது நியாயமான கேள்வி. மருத்துவர்களின் படிப்பறிவுச் சொல் சாதாரண ஜனங்கள் வாயில் விஷத்துக்குப் பெயராக ஏன் நிலைக்க வேண்டும்? அவருடைய பதில் இது: பழைய ஜெர்மானியரிடையே கொடை என்றால் முக்கியமாகப் பானம். விருந்தில் கூட்டாகக் குடிப்பது, ஒருவர் கிண்ணத்தை நீட்ட இன்னொருவர் வாங்குவது. நீட்டிய கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கு நிச்சயமாகத் தெரியாது. வேண்டாம் என்றால் பகை. வாங்கினால் கடன், திருப்பிக் கொடுத்தாக வேண்டும். திருப்பாதவரைக் கொடையே பிடித்து ஆட்டும். ஆகவே கொடைக்குள் ஆபத்து ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, வெளியிலிருந்து லத்தீன் வந்து சேர்க்க வேண்டியதில்லை.

யார் சொல்வது சரி? எனக்கு இரண்டும் ஒன்றையொன்று அடிப்பதாகத் தோன்றவில்லை. அகராதி விளக்கம் சொல் வந்த வழியைக் காட்டுகிறது. அந்த வழியில் ஜனங்கள் ஏன் சுலபமாக நடந்தார்கள் என்பதை மோஸ் காட்டுகிறார். இடைக்கால ஜெர்மனில் இன்னொரு சாட்சியும் கிடைக்கிறது. ‘கொடு’ என்பதற்கான ‘கேபன்’ முன்னால் ஒரு முன்னொட்டைச் சேர்த்தால் ‘ஃபெர்கேபன்’. ஒருவனுக்கு விஷம் வைப்பதற்கு அப்போது இந்த வினையைத்தான் பயன்படுத்தினார்கள். இதற்கு மருத்துவர் தேவையில்லை. கெட்ட விதமாகக் கொடுப்பது என்ற நாட்டுப்புற யோசனையே போதும். பிற்பாடு அந்த வினையிலிருந்து விஷம் இறங்கிவிட்டது. இன்றைய ஜெர்மனில் அதற்கு முக்கியமான பொருள் ‘மன்னித்தல்’, ஆங்கில ‘ஃபர்கிவ்’ போலவே. கொன்ற சொல் மன்னிக்கிறது, வாழ்த்திய சொல் கொல்கிறது!

பாராசெல்ஸஸும் அளவும்

16ஆம் நூற்றாண்டுக்குள் ஜெர்மன் ‘கிஃப்ட்’ தன் பழைய பொருளை ஏறக்குறைய மறந்துவிட்டது. அந்த நேரத்தில் வருகிறார் பாராசெல்ஸஸ். 1527இல் பாசல் நகரில் லத்தீனை விட்டு ஜெர்மனில் மருத்துவ விரிவுரை நடத்தி மற்ற பேராசிரியர்களின் வெறுப்பைச் சம்பாதித்தவர். பாதரசம் போன்ற உலோகங்களை மருந்தாகக் கொடுத்தார். ‘இந்த ஆள் நோயாளிகளுக்கு விஷம் கொடுக்கிறான்’ என்று எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். 1538இல் அவர் எழுதிய ஏழு மறுப்புரைகளில் மூன்றாவது இதற்கான பதில். அவர் சொன்னதன் சாரம்: எல்லாப் பொருளும் விஷம்தான், விஷமில்லாத பொருளே கிடையாது, ஒன்றை விஷமல்லாததாக ஆக்குவது அளவு மட்டுமே. நஞ்சியல் துறையின் அடிப்படை விதி என்று இன்றும் இதைத்தான் பாடப்புத்தகங்களில் போடுகிறார்கள்.

அவர் விஷத்துக்குப் போட்ட சொல் ‘கிஃப்ட்’. அளவுக்குப் போட்ட சொல் ‘டோசிஸ்’. இரண்டுக்கும் ஒரே மூலப்பொருள், கொடுத்தல். ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பாக வாழ்க்கையைத் தொடங்கியது. எழுநூறு எண்ணூறு ஆண்டுகளில் அவை எவ்வளவு தூரம் பிரிந்துவிட்டன என்றால், ஒன்று குற்றம்சாட்டப்பட்டவராகவும் மற்றது அவரைக் காப்பாற்றும் வக்கீலாகவும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நிற்கின்றன.

போர்வை கிழிந்த பிறகு

இதுவரை சொன்னதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. சொல்லக் கூசும் ஒன்றுக்கு மென்மையான ஒரு பெயரைப் போர்த்துகிறோம். சில தலைமுறைகள் போனதும் போர்வையில் உள்ளே இருப்பதன் நாற்றம் ஏறிவிடுகிறது. அப்புறம் அந்தப் பெயரே கூசும் பெயராகிவிடுகிறது. ‘கொடுக்கப்பட்டது’ என்று நாசூக்காக ஆரம்பித்த சொல், ஜெர்மனில் எந்த ஒளிவுமறைவும் இல்லாத கொலைப்பொருளின் பெயராகிவிட்டது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட காலத்திலிருந்து, நச்சுவாயு என்பதற்கான ‘கிஃப்ட்காஸ்’ உலகத்துக்கே தெரிந்த சொல்.

அடுத்த போரில் வந்தது சைக்ளோன் பி. அது ஹைட்ரஜன் சயனைடை வெளியிடும் பூச்சிமருந்து. கிடங்குகளிலும் துணிகளிலும் உள்ள பேன், பூச்சிகளைக் கொல்லத் தயாரித்தது. டப்பாவின் மேல் மண்டையோடு, பக்கத்தில் ‘கிஃப்ட்காஸ்!’ என்ற எச்சரிக்கை. ஆஷ்விட்ஸ் முகாமில் 1941இலிருந்து அதை மனிதர்கள் மேல் பயன்படுத்தினார்கள். அந்த டப்பாக்களை டெஸ்ஸாவ் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து எடுத்துவர லாரிக்கு அனுமதி வேண்டும், அதற்குக் காகிதம் வேண்டும். 1942 ஆகஸ்ட் 26 தேதியிட்ட அனுமதியில் எடுத்துவர வேண்டியது ‘சிறப்புக் கவனிப்புக்கான பொருள்’ என்று இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 2 தேதியிட்டதில் ‘யூதர் இடமாற்றத்துக்கான பொருட்கள்’.

இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. டப்பா உண்மையைச் சொல்கிறது, காகிதம் சொல்லவில்லை. பூச்சியைக் கொல்லும்போது ‘விஷம்’ என்று பெரிதாக எழுத யாருக்கும் கூச்சமில்லை. கையாளும் தொழிலாளியின் பாதுகாப்புக்காக அது அவசியமும்கூட. மனிதர்களைக் கொல்லும்போது அந்தச் சொல் ரொம்பப் பச்சையாக இருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ‘கொடுத்தது’ என்று போர்த்தியது போல ஒரு புதுப் போர்வை தேவைப்பட்டது. பழையது கிழிந்துவிட்டதால் புதிதாக நெய்தார்கள், இம்முறை அலுவலகத்தில் உட்கார்ந்து, தட்டச்சு இயந்திரத்தில். ‘ஸோண்டர்பெஹாண்ட்லுங்’, அதாவது சிறப்புக் கவனிப்பு என்பதும் சில வருஷங்களிலேயே கிழிந்தது. இன்று அந்தச் சொல்லை யாரும் வெறுமனே ‘சிறப்பாகக் கவனிப்பது’ என்று ஜெர்மனில் கூச்சமில்லாமல் சொல்ல முடியாது.

கிரிம் சகோதரர்கள் 1838இல் தொடங்கிய மாபெரும் ஜெர்மன் அகராதி 1961இல்தான் முடிந்தது. அண்ணன் யாகோப் கிரிம் 1863இல் இறந்தபோது ‘பழம்’ என்ற பொருளுள்ள ‘ஃப்ருக்ட்’ என்ற சொல் வரை வந்திருந்தார். ‘கிஃப்ட்’ அடுத்த எழுத்தில். அவர் அதைத் தொடவே இல்லை. தொட்டிருந்தாலும், அந்தச் சொல் 20ஆம் நூற்றாண்டில் எந்த டப்பாவில் அச்சாகப் போகிறது என்பதை அவர் எழுதியிருக்க முடியாது. சொல்லின் பிறப்பைத்தான் அகராதி சொல்லும். அதை யார் எதற்கு எடுத்தாளப் போகிறார்கள் என்பது பேசுகிறவர்கள் பொறுப்பு.

அதனால்தான் கடுமையான சொற்களைப் பார்த்து நான் இப்போது அவ்வளவு பயப்படுவதில்லை. ‘விஷம்’ என்று எழுதிய டப்பாவைக் குழந்தைக்கு எட்டாமல் வைத்துவிடலாம். பயம் தருவது புதிதாக வரும் மென்மையான சொற்கள்: இடமாற்றம், சீரமைப்பு, சிறப்பு நடவடிக்கை, நலன் கருதி. எல்லாமே பொய் என்று சொல்லவில்லை, பல இடங்களில் அவை நிஜமாகவே நல்ல பொருளில் வரும். ஆனால் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மோஸ் சொன்ன அந்தக் கிண்ணம் ஞாபகத்துக்கு வருகிறது. உள்ளே என்ன என்பது வாங்குகிறவருக்குத் தெரியுமா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற பதில் கிடைத்தால், அது ஆங்கிலக் ‘கிஃப்ட்’.